காலையில் ஏலும்

ஜூன் 16, திங்கள்

இடைவேளைக்குப் பிறகு வந்த பாடத்தில் கரும்பலகையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். பிள்ளைகள் பார்த்தால் கணக்கு டீச்சர் எதையோ ஆழமாக யோசிக்கிறார் என்று நினைத்திருப்பார்கள். யோசனையும் இல்லை, ஒன்றும் இல்லை. கையை எடுத்தால் விழுந்துவிடுவேன், அவ்வளவுதான்.

மார்பில் வந்த புற்றுநோய்க்கு வைத்தியம் முடிந்து ஆறு வருடம். முடி வளர்ந்துவிட்டது, மூன்று சைஸ் குறைந்த உடம்பும் பழையபடி ஆகிவிட்டது. இந்தக் களைப்பு மட்டும் போக மறுக்கிறது. தூங்கி எழும்பினால் போகிற களைப்பாக இருந்தால் எழுதவே மாட்டேன். இது வேறு. நின்றுகொண்டிருக்கும்போதே கரண்ட் கட்டான மாதிரி.

ஜூன் 18, புதன்

இன்று சமாளித்தேன். தேங்காய் துருவாமல் சமாளித்தேன் என்று எழுத வேண்டும்.

ஜூன் 22, ஞாயிறு

கலேவெலயிலிருந்து கைறுன்னிஸா ராத்தா வந்தாள். என் கூடப்பிறந்தவள், எனக்கு எட்டு வயது மூத்தவள். கருஞ்சீரகம், தேன், மாதுளம்பழம் என்று ஒரு பேக் நிறைய. ஆறு வருடமாக இதைத்தானே சாப்பிடுகிறேன்? மாதுளைக்கே என்னைக் கண்டால் அலுத்திருக்கும்.

பகல் லுஹர் தொழ அவளுக்குப் பிளாஸ்டிக் கதிரை போட்டுக் கொடுத்தேன். முழங்கால் தேய்வு, நின்று தொழ முடியாது. "எனக்கு ஏலா" என்று எவ்வளவு லேசாகச் சொல்லிவிட்டு உட்கார்கிறாள்! நான் பக்கத்தில் நின்றுதான் தொழுதேன். நெற்றியைத் தரையில் வைக்கும் சுஜூதிலிருந்து எழும்ப அலுமாரியைப் பிடித்தேன். அவள் பார்த்துவிட்டாள்.

"என்ன மஸீனா, ஒனக்கு இன்னம் களைப்பா?"

"கொஞ்சம்."

"அப்பிடிச் சொல்லாத. சுகம் கேட்டு நேர்ந்தோம், அல்லாஹ் தந்தான், நார்சாவும் குடுத்து முடிஞ்சு. இன்னம் ஏலா ஏலாண்டு சொன்னா நன்றி கெட்ட பேச்சில்லயா?"

வைத்தியம் முடிந்த வருடம் அவள்தான் ஓதுவித்து, அலுவிகாரையில் எங்கள் தெரு முழுக்க நேர்ச்சைக்கான நார்சாச் சோறு பார்சல் கட்டிக் கொடுத்தாள். சிங்கள வீடுகளுக்கும் போனது. ஊரே சாப்பிட்டு, ஊரே "சுகம்" என்று சொல்லிவிட்டது. அதற்குப் பிறகு எனக்கு எப்படிக் களைக்கலாம்?

ராத்தாவின் முழங்காலுக்கு எக்ஸ்ரே இருக்கிறது. எனக்குக் காட்ட என்ன இருக்கிறது?

ஜூலை 9, புதன்

வீட்டுக்கு வந்து செருப்போடு கட்டிலில் விழுந்தேன். கண் திறந்தபோது என் கணவர் லாபிர் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார். ஏதாவது சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பேன்.

ஜூலை 21, திங்கள்

ஐயோ. எப்படி எழுதுறது.

தவணைப் பரீட்சை. பதினோராம் வகுப்புக்கு நான் மேற்பார்வை. மேசையில் உட்கார்ந்த ஞாபகம் இருக்கிறது. அடுத்த ஞாபகம் பிள்ளைகளின் சிரிப்பு. வாயைத் திறந்துகொண்டு தூங்கிட்டேன்! அரைவாசிப் பேர் விடையை மாற்றி மாற்றி எழுதி முடிச்சிட்டாங்க. இருபத்தாறு வருஷச் சர்வீஸ். ஒரு பிள்ளையைக்கூடப் பார்த்தெழுத விடாதவள் என்று பேர் எடுத்தவள் நான். வெட்கத்தில் செத்துவிடலாம் போல இருக்கு.

ஜூலை 22, செவ்வாய்

பெற்றார் ஒருவர் பேசிவிட்டார். அதிபர் நுஹ்மான் சேர் கூப்பிட்டார். நல்ல மனிதர், ஏசவில்லை. ஏசியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டீச்சர், அடுத்த தவணை லைப்ரரியப் பாத்துக்கோங்க. பதினொன்ட வேற ஆளுக்குக் குடுப்பம். ஒங்களுக்கும் லேசு."

இந்தப் பிள்ளைகளை ஒன்பதாம் வகுப்பிலிருந்து கொண்டுவருகிறேன். ஓ/எல் பரீட்சை வாசலில் வைத்து இன்னொருவர் கையில் கொடுக்கவா? தவணை தொடங்கும்போது பதில் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வந்தேன். படியில் உட்கார்ந்துவிட்டேன். களைப்பா, கோபமா தெரியவில்லை.

ஜூலை 23, புதன்

லாபிருக்கு அவருடைய மிளகு, கராம்புக் கடையிலேயே செய்தி போய்விட்டது. மிளகு விற்க வந்த யாரோ சொல்லியிருக்கிறார்கள். மாத்தளையில் செய்தி பஸ்ஸை விட வேகம்.

"ஐம்பது முடிஞ்சுதானே. பென்ஷன எடுத்துட்டு வீட்ட இரு. யாருக்குக் காட்ட இந்தப் பாடு படுற?"

"வீட்ட இருந்தா களைக்காதா?"

எனக்கு ஒன்று தெரியும்: நோய் என்னிடமிருந்து எடுத்தது போதும். பதினோராம் வகுப்பையும் கொடுக்க மாட்டேன்.

ஜூலை 24, வியாழன்

மாட்டேன்.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

கண்டிக்குக் கிளினிக் போனேன். ரத்தச் சோதனை, தைரொயிட், ஸ்கேன் எல்லாம் சரி. நோய் திரும்பவில்லை. அல்ஹம்துலில்லாஹ்.

டொக்டர் சிங்களப் பெண், என்னை விட இளையவர். வழக்கம்போல நிமிர்ந்து பார்த்து, "கொஹொமத, சனீபத?" என்றார், எப்படி, சுகமா என்று. பஸ்ஸில் இரண்டு மணித்தியாலம் நான் பாடமாக்கிக்கொண்டு போனதெல்லாம் எங்கே போனதோ, வாய் தன்பாட்டில் "சனீபாய் டொக்டர்" என்றது. சிரிப்பும் கூட. எழும்பி, பேக்கை எடுத்து, கதவு வரைக்கும் போய்விட்டேன்.

அங்கே நின்றேன். இந்தக் கதவால் வெளியே போனால் நேரே லைப்ரரிக்குத்தான் போவேன் என்று பட்டது. திரும்பிப் போய் உட்கார்ந்தேன். கரும்பலகை, பரீட்சை, செருப்பு எல்லாவற்றையும் சொன்னேன். சிங்களம் வராத இடத்தில் கையால் சொன்னேன்.

அவர் பேனையை வைத்துவிட்டார். "நான் ஒவ்வொரு தடவையும் கேட்டேனே?" என்றார்.

"நீங்கள் நலம் விசாரிக்கிறீர்கள் என்று நினைத்தேன்."

உண்மை அதுதான். சுகமா என்று கேட்டால் சுகம் என்று சொல்வது மரியாதை. தெருவில் சொல்வதை ஆறு வருடமாக டொக்டரிடமும் சொல்லியிருக்கிறேன். அவர் வைத்தியம் கேட்டார், நான் ஸலாமுக்குப் பதில் சொல்வது போலச் சொல்லிவிட்டு வந்தேன்.

இது வைத்தியம் விட்டுப்போகிற களைப்பாம். சிலருக்கு வருடக்கணக்கில் இருக்குமாம். சோம்பல் இல்லையாம். அந்த இடத்தில் அழுதுவிட்டேன். மருந்து என்று குளிசை ஒன்றும் இல்லை. தினமும் கொஞ்சம் நடக்கட்டாம், நாள் முழுக்கப் படுக்க வேண்டாமாம், பாரமான வேலையை உடம்பு நன்றாக இருக்கும் நேரத்துக்கு மாற்றட்டாம்.

"உங்களுக்கு எந்த நேரம் நல்லம்?" என்று கேட்டார். யாரும் கேட்காத கேள்வி. நானே கேட்கவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

காலை. எனக்குக் காலையில் நல்லம்.

ஆகஸ்ட் 13, புதன்

விடிய ஸுபஹு தொழுத பிறகு நடக்கிறேன். இன்று விகாரைச் சந்தி வரை போய்த் திரும்பினேன். நேற்று பாதியில் ஒரு கடை வாசலில் உட்கார வேண்டியதாயிற்று. கடைக்காரர் என்ன விஷயம் என்று சிங்களத்தில் கேட்டார். "பே" என்றேன். ஏலாது என்ற சொல்லை முதலில் அவரிடம்தான் சொன்னேன், அதுவும் சிங்களத்தில்! தேத்தண்ணி தந்தார். வானம் இடிந்து விழவில்லை.

ஆகஸ்ட் 18, திங்கள்

நின்று தொழ ஏலாதவர் உட்கார்ந்து தொழலாம். மத்ரஸாவில் சின்ன வயதிலேயே பாடமாக்கியது. சலுகை அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. ஆனால் அதை எடுக்கிறவள் முதலில் ஏலாது என்று ஒத்துக்கொள்ள வேண்டும். எனக்கு அங்கேதான் சிக்கியது. இன்று லுஹருக்கும் பின்னேரம் அஸருக்கும் கதிரை போட்டேன். ஸுபஹு நின்றுதான்.

ஆகஸ்ட் 27, புதன்

தவணை தொடங்கிவிட்டது. அதிபர் அறைக்குப் போகுமுன் அனுஷியாவைப் பிடித்தேன். எங்கள் பாடசாலையில் தமிழ் படிப்பிக்கிறவள், ரத்தோட்டைப் பக்கத்துத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வருகிறாள். பதினொன்றுக்குக் காலையில் தமிழ் அவள், இடைவேளைக்குப் பிறகு கணக்கு நான். மாற்றுவோமா என்று கேட்டேன்.

"தாராளமா, டீச்சர். காலைல அந்த பஸ்ஸ விட்டு இறங்கி, மூச்சு வாங்கிக்கிட்டேதான் மொத பாடத்துக்கு ஓடுறேன். இத முந்தியே கேட்டிருக்கலாம்ல?"

பிறகு நுஹ்மான் சேர். "லைப்ரரி வேண்டாம் சேர். பதினொன்ட கணக்கக் காலைக்கு மாத்தித் தாங்க. உக்காந்து படிப்பிக்க உயரமான கதிரை ஒண்டும் வேணும்."

"டீச்சர், நீங்க சுகம்தானே?"

வாயில் வந்துவிட்டது. அடக்கினேன்.

"நோய் சுகம், சேர். களைப்பு ஈக்குது. பகலைக்கு ஏலா. காலையில ஏலும்."

உட்கார்ந்து படிப்பித்தால் மற்ற டீச்சர்மார் என்ன சொல்வார்கள் என்று இழுத்தார். சொல்லட்டும் என்றேன். இந்தத் தவணை மட்டும் பார்ப்போம், பெறுபேறு இறங்கினால் லைப்ரரிதான் என்றார். இறங்காது சேர் என்றேன்.

செப்டம்பர் 2, செவ்வாய்

உயரக் கதிரைக்குப் பாடசாலையில் வழியில்லை. லாபிரிடம் சும்மா சொன்னேன். இன்று காலை மணி அடிக்குமுன் த்ரீவீலரில் வந்து இறங்குகிறார், கையில், கடைத் தராசுக்குப் பக்கத்தில் அவர் உட்காருகிற ஸ்டூல். "நான் நிண்டு நிறுப்பேன்" என்றார். பென்ஷனைப் பற்றி ஒரு சொல் இல்லை. பிள்ளைகள் முன்னால் "சரி, சரி, போங்க" என்று விரட்டிவிட்டேன்.

முதல் பாடம் முழுக்க வகுப்பில் கராம்பு வாசம்.

அக்டோபர் 3, வெள்ளி

நேற்று பகல் முழுக்கக் கட்டில்தான். சோறு லாபிர் ஆக்கினார், குழைந்துவிட்டது. இன்று காலை முதலாம் பாடத்தில் நான் இருந்தேன்.

அக்டோபர் 24, வெள்ளி

மாதப் பரீட்சை திருத்தி முடித்தேன். மேற்பார்வைக்கும் நானே இருந்தேன், ஸ்டூலில், கண்ணைத் திறந்துகொண்டு. பெறுபேறு இறங்கவில்லை. நுஹ்மான் சேர் பார்த்துவிட்டு, "அடுத்த வருஷ நேரசூசியிலயும் காலையிலயே போடவா?" என்று கேட்டார்.

நவம்பர் 9, ஞாயிறு

ராத்தா வந்தாள். பேக்கில் மாதுளம்பழம்.

லுஹருக்குப் பாங்கு சொன்னதும் கதிரையை எடுத்துப் போட்டேன். "எனக்கா போட்ட?" என்று வந்தாள்.

"இல்ல ராத்தா. எனக்கு."

"ஒனக்கு என்னத்துக்கு?"

"பகலைக்கு ஏலா. காலையில ஏலும். டொக்டரும் சொல்லிட்டார், இது கொஞ்ச நாள்ல போகாது."

ஏச்சு வரும் என்று காத்திருந்தேன்.

"அப்ப அந்த நார்சா?"

"அது செல்லும். ஊர் சாப்பிட்டது சாப்பிட்டதுதானே."

அவள் சிரிக்கவில்லை. முழங்காலைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், சாப்பாட்டு மேசைக் கதிரை ஒன்றை இழுத்துக்கொண்டு வந்தாள். என் பக்கத்தில் போட்டு உட்கார்ந்தாள். முந்தானையைச் சரிசெய்தாள். பிறகு தொழுகை வரிசை நேராக இருக்கிறதா என்று குனிந்து கால்களைப் பார்த்தாள், அவளுடையதையும் என்னுடையதையும்.

"ஸஃப்பு கோணலா ஈக்குது. ஒன்ட கதிரையக் கொஞ்சம் முன்னுக்கு இழு."