உன் அப்பாவின் உள்ளங்காலும் உன் கட்டைவிரலும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுவது.

இங்கே நான் நலம், வீடு நலம், பால்கனியில் நீ வைத்துவிட்டுப் போன செடிகூட நலம். அங்கே நீயும் நலமாக, வேளாவேளைக்குச் சாப்பிட்டுக்கொண்டிருப்பாய் என்று நம்பிக்கொள்கிறேன், நம்புவதற்குக் காசா பணமா. உன் அப்பாவும் நலம் என்று ஒரு வரி சேர்த்துவிட்டால் கடிதம் முடிந்துவிடும், ஆனால் எனக்குப் பொய் எழுதிப் பழக்கமில்லை. போனில் சொல்லலாம் என்றால் உன் குரல் கேட்டதுமே ஸ்பீக்கரைப் போடச் சொல்லி என் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறார். குடும்பக் குழுவில் எழுதினால் உன் அருமைச் சித்தப்பா முதல் ஆளாகப் படித்துவிடுவான். அதனால்தான் பேனா பிடித்து எழுதி, ஒவ்வொரு தாளாகப் படமெடுத்து உனக்கு மட்டும் அனுப்புகிறேன். கையெழுத்து புரியவில்லை என்று சாக்குச் சொல்லாதே, இந்தக் கையெழுத்தைக் கரும்பலகையில் பார்த்துத்தான் எத்தனையோ பிள்ளைகள் உயிரியல் பாஸ் பண்ணினார்கள்.

போன முறை நீ லீவில் வந்திருந்தபோது சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து அப்பாவுக்கு உன் ஆராய்ச்சியை விளக்கினாயே, நினைவிருக்கிறதா. இன்சுலின் செல்லுக்குள்ள போய் வேலை பாக்கறதில்லப்பா, செல்லைச் சுத்தி ஒரு கொழுப்புச் சவ்வு இருக்கு, அது லேசில யாரையும் உள்ள விடாது, அந்தச் சவ்வுல ஒரு புரதம் குறுக்க செருகியிருக்கு, வெளிய பாதி உள்ள பாதி, இன்சுலின் வந்து வெளிப்பாதியில உக்காந்தா உள்பாதி முழிச்சுக்கும், அது பக்கத்துப் புரதத்தைத் தட்டும், அது அடுத்ததைத் தட்டும், கடைசியில உள்ளுக்குள்ள ஒதுக்கி வெச்சிருக்கிற சர்க்கரைக் கதவெல்லாம் சவ்வுக்கு வந்து நிக்கும் என்றாய். அவர் திருதிருவென்று முழித்தார். உடனே நீ லிஃப்டுக்குத் தாவினாய். வெளிய நிக்கிற ஆள் பட்டனைத்தானே அமுக்கறான், மெஷின் ரூமுக்குள்ள போறானா, ஆனாலும் லிஃப்ட் வருதில்ல என்றாய். வாழ்நாளெல்லாம் லிஃப்ட் பழுது பார்த்த மனுஷனுக்கு அதற்கு மேல் என்ன வேண்டும், அப்படியே பூரித்துப்போனார். நீ வரைந்த படத்தை ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்து வருகிறவர் போகிறவருக்கெல்லாம் பாடம் நடத்தினார். ரிட்டயர் ஆகும்வரை அதே செல்லைத்தான் நானும் நடத்தினேன், ஒரு நாள், ஒரே ஒரு நாள், அது என்னவென்று என்னிடம் கேட்டதில்லை. போகட்டும்.

அன்று மேசையின் மறுபக்கம் ஓசிச் சாப்பாட்டில் கையும் உன் பேச்சில் காதுமாக இன்னொரு ஜீவன் உட்கார்ந்திருந்ததை நீ கவனித்திருக்க மாட்டாய். உன் சித்தப்பாவைத்தான் சொல்கிறேன். காந்த வளையல் விற்றான், அதற்கு முன்னால் தண்ணீரைச் சுத்தம் செய்கிற கல் விற்றான், இரண்டும் ஊற்றிக்கொண்டது, புதுச் சரக்குக்கு அலைந்துகொண்டிருந்தான். நீ விமானம் ஏறியதுதான் தாமதம், ஒரு விரிப்போடு வந்து நின்றான். சிவப்புத் துணி, நடுவில் பாதம் மாதிரி இரண்டு தகடு, ஓரத்தில் வயர், வயர் நுனியில் பிளக். பெயர் என்ன தெரியுமா, செல் எழுப்பி. காலை வைத்து உட்கார்ந்தால் மின்சாரம் லேசாக உடம்புக்குள் ஏறி எல்லா செல்லின் பட்டனையும் அமுக்கிவிடுமாம், இன்சுலினே தேவையில்லையாம். கூடவே வழவழவென்று ஒரு துண்டுப் பிரசுரம். அதில் உன் படம், ஃபிரிட்ஜ் கதவிலிருந்து சுட்டது. மேலே வெளிநாட்டு விஞ்ஞானியின் விளக்கப்படி என்று கொட்டை எழுத்து. நான் சிவப்புப் பேனாவை எடுத்து அங்கேயே திருத்தினேன். வயதானால் சவ்வு தூங்கிவிடும் என்று ஒரு வரி. சவ்வு தூங்கினா குறட்டையும் விடுமா என்று கேட்டேன். அண்ணி, உங்களுக்கு எதையெடுத்தாலும் கிண்டல்தான் என்றான். பத்துக்குப் பூஜ்யம் போட்டுக் கையில் கொடுத்தேன், துடைத்துப் போட்டுவிட்டுப் போனான். எதிர்வீட்டுத் தையல்காரம்மா மறுநாளே ஒன்று வாங்கிவிட்டாள். அவளுக்குச் சர்க்கரையே கிடையாது, முன்னெச்சரிக்கையாம். மூளைக்கும் ஒரு முன்னெச்சரிக்கை எடுத்திருக்கலாம்.

உன் அப்பா இதையெல்லாம் நம்புவார் என்று நான் நினைக்கவேயில்லை. மூன்றாம் மாடியில் படுத்துக்கொண்டே நம் கட்டட லிஃப்டின் கம்பி தேய்வதைக் காதால் கண்டுபிடிக்கிறவர், கடையில் பல்பு வாங்கினால் எரிய வைத்துப் பார்க்காமல் காசு கொடுக்காதவர். ஆனால் அவருடைய புத்திசாலித்தனமே அவர் தலையில் மண்ணைப் போட்டுவிட்டது. வெளியே பட்டன் வேலை செய்யாவிட்டால் பேனலைத் திறந்து இரண்டு கம்பியை நேராகச் சேர்த்து லிஃப்டை வரவழைப்பார்களாம், அவர் தொழிலில் அது தினப்படி வேலையாம். அதே கணக்கைச் செல்லுக்கும் போட்டுவிட்டார். என் செல்லுல பட்டன் தேஞ்சு போச்சு, இது நேரா கம்பியச் சேக்குது, அவ்வளவுதான் விஷயம், இதுல உனக்கு என்ன புரியல என்று என்னிடம் கேட்கிறார். அது கம்பி இல்லைங்க, புரதம், அதுல வந்து உக்கார வேண்டியதுதான் வந்து உக்காரணும், கரண்டு உக்காந்தா அது திரும்பிக்கூடப் பாக்காது என்றேன். நடந்தா தசை தானாவே கொஞ்சம் கதவைத் தொறக்கும், அது வேற வழி, அதுக்கு நாற்காலியை விட்டு எழுந்திரிக்கணும் என்றும் சொன்னேன். நீ சொல்றது பள்ளிக்கூடப் பாடம், இது நம்ம பொண்ணு ஆராய்ச்சி என்றார். தினமும் போட வேண்டிய இன்சுலின் ஊசியை மட்டுமாவது ஒழுங்காகப் போட்டுக்கொள்கிறார் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நான்தான் ஏமாளி என்று நீ சொன்னால் ஒத்துக்கொள்கிறேன்.

போன வாரம் ஹால் தரையில் பழுப்பாகக் கறை. தேநீரைக் கொட்டிவிட்டுச் சொல்லாமல் போய்விட்டார் என்று திட்டிக்கொண்டே துடைத்தேன். துடைக்கத் துடைக்க அது பாத்ரூம் வரைக்கும் வரிசையாகப் போனது. அவரைப் பிடித்து உட்காரவைத்துக் காலைத் தூக்கிப் பார்த்தால், ஐயோ மகளே, குதிகாலில் தோல் வெந்து, கொப்புளம் உடைந்து, சதை தெரிகிறது. அவர் குனிந்து அதை யாரோ வேறு ஆளுடைய காலைப் பார்ப்பதுபோல் பார்த்தார். இது எப்ப ஆச்சு என்று என்னைக் கேட்கிறார், என்னை. அந்த விரிப்பின் தகட்டில் என் உள்ளங்கையை வைத்தேன், சுரீர் என்று சுட்டது, இழுத்துக்கொண்டேன். இவர் அதில் தினமும் செய்தி பார்த்து முடிக்கும்வரை காலை வைத்துக்கொண்டு, இதமா இருக்கு, இதமா இருக்கு என்று சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார். சூடு தெரிய வேண்டுமானால் தோலுக்கடியில் நரம்பு நுனியின் சவ்வில் இருக்கிற புரதம் வாயைத் திறக்க வேண்டும், உப்புத் துகள் உள்ளே பாய வேண்டும், சுடுகிறது என்கிற சேதி மேலே போக வேண்டும். உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. அந்த நரம்பையெல்லாம் சர்க்கரை என்றைக்கோ தின்றுவிட்டிருக்கிறது. சேதி அனுப்ப ஆளே இல்லாத காலைக் கொண்டுபோய் அடுப்பில் வைத்திருக்கிறார். ஃபிரிட்ஜைத் திறந்து பார்த்தேன், தக்காளிக்குப் பின்னால் இன்சுலின் பேனா அத்தனையும் சீல் உடைக்காமல் கிடந்தது. அவருடைய கருவிப் பெட்டியிலிருந்து குறடு எடுத்துக் கொடுத்து அவருடைய கையாலேயே வயரை வெட்டச் சொல்லலாமா என்று பார்த்தேன், பிறகு நானே வெட்டிவிட்டேன்.

சித்தப்பா சேதி கேட்டு ஓடி வந்தான். அண்ணி, புண்ணு வர்றது நல்ல அறிகுறி, உள்ள இருக்கிற கெட்டது வெளிய வருது என்றான். உள்ள இருக்கிற கெட்டது நீதான், முதல்ல நீ வெளிய போ என்று சொல்லி அவன் செருப்பைக் காலால் தள்ளி வாசலில் விட்டேன். லிஃப்ட் பட்டனைக்கூட நானே அமுக்கினேன். இனிமேல் அவன் உனக்கு ஏதாவது எழுதினால் பதில் போடாதே.

காலுக்குப் பார்க்கிற டாக்டரம்மா கட்டுப் போட்டுவிட்டு அவரிடம் நேராகச் சொன்னாள். ஐயா, ஊசி போட்டுச் சர்க்கரையை இறக்கலைன்னா இது ஆறாது, அடுத்த தடவை நீங்க வரும்போது பாதத்தை எடுக்கறதா காலையே எடுக்கறதான்னுதான் பேச வேண்டியிருக்கும் என்றாள். இவர் நல்ல பிள்ளையாகத் தலையை ஆட்டினார். டாக்சியில் ஏறியதும், அந்தப் பொண்ணு படிச்சது பழசு, நம்ம பொண்ணே பாத்து ஓகே சொல்லிட்டா, இவ யாரு என்றார். உங்களுக்கு யார் ஓகே சொன்னது என்று கத்தினேன், டாக்சிக்காரர் திரும்பிப் பார்த்தார். போனை எடுத்துக் காட்டினார். உனக்குத் தனியாக அந்தப் பிரசுரத்தைப் படமெடுத்து அனுப்பியிருக்கிறார். கீழே, இது நீ சொன்னதுதானேம்மா, நான் ஊசியை நிறுத்திட்டு இதை வெச்சுக்கலாமா, சரியா பாத்து சொல்லு என்று எழுத்துப் பிழையோடு தட்டியிருக்கிறார். அதற்கு உன் பதில், மஞ்சள் நிறத்தில் ஒரு கட்டைவிரல். பக்கத்தில் ஒரு இதயம்.

அடி என் அறிவாளியே. ஒரு புரதம் எப்போது அசைந்தது, எவ்வளவு அசைந்தது என்று பார்க்க இருட்டறையில் மாதக்கணக்கில் கண்ணை வைத்துக்கொண்டு உட்காருகிறாய். பெற்ற அப்பன் கேட்ட இரண்டு வரியைப் படிக்க உனக்கு நேரமில்லை. படத்தைத் திறந்துகூடப் பார்த்திருக்க மாட்டாய், அப்பா வழக்கம்போல் ஏதோ பூப்படம் அனுப்பியிருக்கிறார் என்று போகிற போக்கில் விரலைத் தட்டியிருப்பாய். உன் சித்தப்பா திருடன், அது ஊருக்கே தெரியும். எதிர்வீட்டம்மா மக்கு. உன் அப்பா பிடிவாதம் பிடித்த கிழம். ஆனால் ஊசியை நிறுத்தியது இவர்கள் யாரும் இல்லை, நீ. இதை எழுத எனக்கு வாய் கசக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன், வேறு யாரும் உனக்குச் சொல்லப்போவதில்லை.

அழுதுகொண்டு உட்காராதே, அதற்கு நேரமில்லை. அவரைக் கூப்பிடு. கூப்பிட்டு, கரண்டு செல்லுக்குப் பட்டன் ஆகாது என்று பாடம் ஆரம்பிக்காதே, அதை நான் சொல்லித் தோற்றாயிற்று. அவர் பாஷையிலேயே பேசு. லிஃப்ட் கதவுப் பூட்டின் கம்பியை நேராகச் சேர்த்துவிட்டு ஓட்டுகிறவனைப் பற்றி அவர் என்ன சொல்வார் என்று கேள். கேட்டதுமே கொதிப்பார், அவர் கொதிப்பதை எத்தனையோ முறை பார்த்திருக்கிறாய். அந்த மாதிரி செய்தால் கதவு திறந்து கிடக்கும்போதே லிஃப்ட் வேறு மாடிக்குப் போய்விடும், திறந்த கதவைப் பார்த்து லிஃப்ட் நிற்கிறது என்று நினைத்து ஆள் காலை எடுத்து வைப்பான், கீழே ஒன்றும் இருக்காது. நீங்க இப்ப அங்கதாம்பா கால வெச்சிருக்கீங்க என்று சொல். அவ்வளவுதான். நான் படம் பார்க்காம விரல் போட்டுட்டேன், தப்பு என்னுது என்பதையும் உன் வாயால் சொல்லிவிடு, அதைச் சொல்லாவிட்டால் உன்னைக் காப்பாற்றுவதற்காகவே அவர் அந்த விரிப்பை நியாயப்படுத்திக்கொண்டிருப்பார்.

நான் சொன்னால் ஏன் கேட்கமாட்டார் என்று கேட்பாய். இன்சுலின் ஓயாமல் கொட்டிக்கொண்டே இருந்தால் செல் என்ன செய்யும், வெளியே நீட்டியிருக்கிற புரதத்தை உள்ளே இழுத்துக்கொள்ளும், அப்புறம் எவ்வளவு கொட்டினாலும் அதற்குக் கேட்காது. கல்யாணமான நாளிலிருந்து நான் ஓயாமல் பேச்சைக் கொட்டிக்கொண்டிருக்கிறேன். எனக்கென்று வெளியே நீட்டியிருந்ததையெல்லாம் அந்த மனுஷன் எப்போதோ உள்ளே இழுத்துக்கொண்டுவிட்டார். உனக்கானது மட்டும் இன்னும் வெளியேதான் இருக்கிறது. ஒரு கட்டைவிரலுக்கே இவ்வளவு வேலை செய்ததே.

இதை எழுதும்போது ஊசியை எடுத்து அவர் முன்னால் மேசைமேல் வைத்திருக்கிறேன். அதைத் தொடவில்லை. கட்டுப் போட்ட காலை நாற்காலியில் நீட்டிக்கொண்டு, போனை மடியில் வைத்துக்கொண்டு, அவ கூப்பிடட்டும், அவ சொன்னா போட்டுக்கறேன் என்கிறார். எனக்குப் பயமாக இருக்கிறது மகளே. திட்டுகிறவள் பயப்படமாட்டாள் என்று நினைத்துக்கொள்ளாதே.

நோய்நொடி இல்லாமல், நல்ல பெயரோடு, நீண்ட ஆயுளோடு இரு. குளிருக்குக் காதை மூடிக்கொள், வெறும் வயிற்றில் காபி குடிக்காதே. இந்தத் தாள்களைக் கடைசிவரை படித்துவிட்டாய் என்பதற்கு அடையாளமாக எனக்கு எதையும் அனுப்ப வேண்டாம், அந்த மஞ்சள் விரலை மட்டும் கண்டிப்பாக அனுப்பாதே. அவர் மடியில் இருக்கிற போன் அடித்தால் எனக்குத் தெரிந்துவிடும், நான் எதிரில்தான் உட்கார்ந்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன்னைத் திட்ட உரிமை உள்ள
அம்மா