பச்சைக் கல்

ஜூன் 3, செவ்வாய்

பெயர் வைத்தாயிற்று. பச்சைக் கல். எங்கள் செங்கல் சூளையின் கேட்டில் என் கையாலேயே பெயின்ட் அடித்து எழுதினேன். எழுத்து கொஞ்சம் கோணல், போகட்டும். சுடாத கல். புகை இல்லை, வயல் மண்ணைத் தோண்ட வேண்டாம். மின் நிலையத்தில் வீணாகிற சாம்பலோடு குவாரித் தூளும் சுண்ணாம்பும் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி எடுக்கிறோம். இதற்கு வேறென்ன பெயர் பொருந்தும்?

அண்ணன் படித்துவிட்டு "ம்" என்றார். அந்த "ம்"முக்கு என்ன அர்த்தம் என்று அவரோடு இத்தனை வருஷம் குடும்பம் நடத்தும் அண்ணிக்கே தெரியாது. எனக்கு எங்கே தெரியப்போகிறது!

ஜூன் 5

மழைக்காலம் முடிவதற்குள் புதுக் கல்லை விற்றுக் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் மழை விட்டதும் சூளையை மறுபடி பற்றவைப்பார். அதுதான் அண்ணன் வைத்திருக்கும் கெடு. "அப்பா போட்ட சூளை. உன் பேச்சைக் கேட்டு அணைச்சேன். தொழில் படுத்துடக் கூடாது பாப்பா." நாற்பது வயதிலும் நான் பாப்பாதான்.

பழைய அச்சில் அறுத்து, சுடாமல் நின்றுபோன மண் கல் இன்னும் முற்றத்தில் தார்ப்பாய்க்குக் கீழே அடுக்கியபடி இருக்கிறது. கலைத்து மண்ணாக்கிவிடலாம் என்றேன். "கை வைக்காதே" என்றார். எதற்காக வைத்திருக்கிறார் என்று எனக்கா தெரியாது? அதைத் தாண்டிப் போகும்போதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொள்கிறேன்.

ஜூன் 12

போன் செத்துக் கிடக்கிறது. எடுத்து எடுத்துப் பார்க்கிறேன் — சத்தம் வருகிறதா என்று.

ஜூன் 20

முதல் ஆர்டர்! பல் டாக்டர் கிளினிக்குக்குச் சுற்றுச்சுவர். நான் சாம்பல் லாரி விஷயமாக வெளியே போயிருந்தபோது கூப்பிட்டிருக்கிறார்கள். மேஸ்திரியே பேசி, லோடும் ஏற்றி அனுப்பிவிட்டார். அப்பா காலத்திலிருந்து இந்த முற்றத்தைப் பார்த்துக்கொள்ளும் மனுஷர், புதுக் கல்லைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர், எனக்காக இதைச் செய்தாரே! தலைகால் புரியவில்லை. அண்ணியைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றினேன். "விடு பாப்பா, அடுப்புல பால் வச்சிருக்கேன்" என்று கத்தினாள்.

ஜூன் 29

நல்ல மழை. டாக்டரின் சுவர் எப்படி நிற்கிறதோ? ஏன் நிற்காது? நிற்கும். ஏன் இப்படிப் பறக்கிறேன்?

ஜூன் 30

ஐயோ. ஐயோ. என்ன பண்ணித் தொலைச்சேன்.

சுவர் இல்லை. சுவர் இருந்த இடத்தில் செம்மண் குழம்பு. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வருகிற நோயாளிகள் அந்தச் சேற்றில் கால் வைத்து வழுக்குகிறார்கள். எங்கள் கல் சாம்பல் நிறம் ஆயிற்றே, இது எப்படிச் சிவப்பு? பார்த்ததுமே புரிந்தது. புரிந்ததும் உட்கார்ந்துவிட்டேன்.

சூளைக்காரர்கள் பேச்சில் சுடாத மண் கல்லுக்குப் பேரே பச்சைக்கல்தான்! சின்ன வயதிலிருந்து என் காதில் விழுந்த வார்த்தை. சுற்றுச்சூழல், பசுமை என்று படித்துப் படித்து, இது மறந்தே போனதா எனக்கு? மேஸ்திரி வந்து தலையைச் சொறிந்தார். "பச்சைக்கல் வேணும்னாங்க. நம்ம முற்றத்துல பச்சைக்கல்னா தார்ப்பாய்க்குக் கீழ இருக்கறதுதானேம்மா? உங்க கல்லை நாங்க சாம்பக்கல்லுன்னுதானே சொல்றோம்."

சுவர் கட்டிய கொத்தனாரைப் பிடித்துக் கத்தினேன். மண் கல்லைப் பார்த்தால் தெரியாதா? "தெரிஞ்சுது. ஆனா சுடாத கல், புது மாதிரின்னு நீங்கதானே ஊரெல்லாம் சொல்லிட்டு இருந்தீங்க? ஏதோ மருந்து கலந்திருப்பீங்கன்னு நினைச்சேன்." மருந்தாம்!

டாக்டர் சத்தமே போடவில்லை. "இது பச்சைக் கல் இல்லம்மா, பச்சைப் பொய்" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார். அவர் சத்தம் போட்டிருக்கலாம்.

ஜூலை 1

அண்ணன் திட்டுவார் என்று நினைத்தேன். சிரித்தார். இருமல் வருகிற அளவுக்குச் சிரித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சூளைக்கு நிலக்கரிக்காரர்கிட்ட சொல்லி வைக்கிறேன் பாப்பா" என்றார். அறைக்குப் போய் அழுதேன். அவர் மேல் கோபம், மேஸ்திரி மேல் கோபம், அந்த வார்த்தை மேலும் கோபம்.

ஜூலை 4

சுவரை நம் கல்லிலேயே, நம் செலவிலேயே கட்டித்தருகிறேன் என்று டாக்டரிடம் போய் நின்றேன். ஒப்புக்கொண்டார். கொத்தனார்தான் பிடிகொடுக்கவில்லை. "எனக்கு இந்த ஊர்ல பேர் இருக்கு. இன்னொரு மழைக்கு இதுவும் கரைஞ்சா என் முகத்துல யார் முழிப்பாங்க?"

தண்ணீர் குடிக்கக் குடிக்கத்தான் இந்தக் கல் இறுகும், அதனால்தான் அழுத்தியெடுத்த பிறகு தினமும் நனைத்து வைக்கிறோம் என்று விளக்கினேன். வாய் வலித்ததுதான் மிச்சம். கடைசியில் ஒரு கல்லைத் தூக்கி அவருடைய தண்ணீர் டிரம்மில் போட்டுவிட்டு வந்தேன். கரைந்தால் என்னைக் கூப்பிடுங்கள் என்று சொல்லிவிட்டு.

ஜூலை 6

கூப்பிடவில்லை. கூப்பிடாதது நல்லதா கெட்டதா?

ஜூலை 15

கொத்தனார் வந்தார், தோளில் அந்தக் கல்லோடு. இத்தனை நாளும் வேலைக்கு வந்ததும் ஒரு தடவை, போகும்போது ஒரு தடவை டிரம்முக்குள் கையை விட்டுத் தடவிப் பார்த்தாராம். இன்றைக்கு வெளியே எடுத்துக் கரண்டியால் ஓங்கித் தட்டினாராம்; கரண்டிப் பிடிதான் கழன்றதாம். "தண்ணியிலயே கிடக்குது, ஆனா ஸ்டெடியா இருக்குது. என் மச்சானுக்கு நேர் எதிர்" என்று சிரித்தார். லோடு அனுப்பச் சொன்னார். இந்த முறை நானே லாரியில் ஏறி உட்கார்ந்து, சாம்பல் நிறம்தானா என்று பார்த்துப் பார்த்து ஏற்றினேன்.

ஆகஸ்ட் 9

சுவர் நிற்கிறது. இரண்டு பெருமழைக்குப் பிறகும்.

போனும் அடிக்கிறது. ஆனால் கேட்பது என்ன? "தண்ணிக்கல் இருக்கா?" கொத்தனார் பரப்பிவிட்ட பெயர். சொல்லிவிட்டுச் சிரிக்கிறார்கள். இதைவிட அசிங்கமாக ஒரு பெயர் கிடைக்கவில்லையா? "இருக்கு சார்" என்கிறேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஆகஸ்ட் 27

நிலக்கரிக்காரர் வந்து அண்ணனோடு பேசிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் இருவரும் வாயை மூடிக்கொண்டார்கள். இவ்வளவு ஆர்டர் வந்த பிறகுமா? இனி என்னதான் செய்துகாட்ட வேண்டும் இந்த மனிதருக்கு? நேரே கேட்டேன். "ம்" என்றார். கையிலிருந்த டம்ளரை எறிந்திருப்பேன்.

செப்டம்பர் 14

மத்தியானம் இருட்டிக்கொண்டு வந்தது. காற்றில் முற்றத்துத் தார்ப்பாய் படபடக்கிற சத்தம். எனக்குப் பிடிக்காத மண் கல்தான், ஆனாலும் நனைய விடுவதா என்று ஓடினேன். காற்று அல்ல. அண்ணன். முடிச்சை ஒவ்வொன்றாக அவிழ்த்துத் தார்ப்பாயை இழுத்துக்கொண்டிருந்தார்.

"அண்ணா, மழை வருது! நனைஞ்சா எல்லாம் போச்சு!"

"தெரியும். இந்த முனையைப் பிடி."

பிடித்தேன். சேர்ந்து மடித்தோம். அதற்குள் கொட்ட ஆரம்பித்துவிட்டது. மேல் வரிசை முதலில் கறுத்தது, பிறகு கல்லின் விளிம்புகள் வழிந்தன. அண்ணன் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. இந்தக் கல் எல்லாம் அவர் கூடவே நின்று அறுக்கவைத்தது. அண்ணி உள்ளேயிருந்து, பைத்தியமா பிடிச்சிருக்கு ரெண்டு பேருக்கும் என்று கத்தினாள்.

"சூளை?" என்று கேட்டேன்.

"மழை விட்டதும் ஆளை விட்டு இந்த மண்ணை வாரி, மண் எடுத்த பள்ளத்துலயே கொட்டிடு பாப்பா" என்றார். "தண்ணிக்கல் அடுக்க இடம் பத்தல."