முதல் விலையை யார் சொல்வது

கோட்டைக் கழற்றி நாற்காலியின் முதுகில் மாட்டியிருக்கிறேன். அந்துருண்டை வாசனையும் என் வேர்வை வாசனையும் சேர்ந்து இந்தச் சின்ன அறையை நிறைத்துவிட்டன. உன் கோட்டு. என் கோட்டு என்று சொல்ல இன்னும் வாய் வரவில்லை. ரவிக்கை மட்டுமே தைக்கத் தெரிந்தவரிடம் கொடுத்துத் தைத்த கோட்டு வேறு எப்படி இருக்கும்? அக்குளில் இன்றும் பிடிக்கிறது. உள்பக்கத்துக்கு உங்கள் புடவைக் கடையில் மிஞ்சிய மாம்பழ மஞ்சள் பட்டுத் துண்டை வைத்துத் தைக்கச் சொன்னாய். "வெளிய மும்பை, உள்ள ஆரணி" என்று நீயே சொல்லி நீயே சிரித்தாய். யாருக்கு இண்டர்வியூவோ அவள் போட்டுக்கொள்வது என்று ஒப்பந்தம். இப்போது போட்டி இல்லை, நான்தான் போட்டுக்கொள்கிறேன்.

இன்று பகலில் எனக்கு இண்டர்வியூ நடந்தது. வீடியோவில்தான். சந்தவாசலில் எங்கள் வீட்டில் படம் நின்று நின்று வரும் என்பதால், ஆரணியில் நான் வேலை பார்க்கும் ஆடிட்டர் ஆபீஸின் பின்னறையில் உட்கார்ந்து பேசினேன். இடுப்புக்கு மேலே கோட்டு, கீழே பழைய சுடிதார் பேண்ட், வெறுங்கால். நீ பார்த்திருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். பேசி முடித்ததும், சாயங்காலத்துக்குள் சொல்கிறோம் என்றார்கள். போன் மேசை மேல் கிடக்கிறது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அதனால் உனக்கு எழுதுகிறேன். இதையெல்லாம் பேச இந்த ஊரில் எனக்கு உன்னைவிட்டால் ஆள் இருந்ததில்லை.

இது கிடைக்காவிட்டால் எனக்கு வேறு வழி இல்லை. சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன். இந்த வேலையின் முதல் படிக்கு, படித்து முடித்த சூட்டோடு வருகிற பிள்ளைகளைத்தான் எடுப்பார்கள். ஒவ்வொரு வருஷமும் புதுசாக ஒரு கூட்டம் வந்து நிற்கிறது. நடுவில் இடைவெளி விழுந்த என் விண்ணப்பத்தை இன்னும் திறந்து பார்க்கிற கடைசி இடம் இது. இதுவும் போனால், புடவைக் கடைகளுக்கு ஜிஎஸ்டி கணக்குப் போட்டே என் காலம் போகும். அது கேவலமான வேலை இல்லை, ஆடிட்டரும் தங்கமான மனுஷன். ஆனால் எனக்கு மூச்சு முட்டுகிறது. நீயும் நானும் சேர்ந்து ஆசைப்பட்டதை நான் ஒருத்தியாக ஆசைப்படுவது அதைவிட முட்டுகிறது.

கல்லூரியில் முதன்முதலாக என்னிடம் இந்த வேலையைப் பற்றி நீ சொன்னது நினைவிருக்கிறது. புடவையை விற்பது போல முழுக் கம்பெனியையே விற்றுக் கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள், இன்வெஸ்ட்மென்ட் பேங்க் என்று பேர், நாம் அதற்குப் போகலாம் என்றாய். நான் நம்பவில்லை. கம்பெனியை எப்படி மடித்துப் பெட்டியில் வைப்பாய் என்று கேட்டேன். அதற்கப்புறம் எம்பிஏ, இரவல் லேப்டாப், உங்கள் கடை மாடியில் அட்டைப் பெட்டிகளுக்கு நடுவே உட்கார்ந்து எக்செல். எங்கள் அம்மா மட்டும் கடைசி வரைக்கும், எந்த பேங்க், எந்த பிராஞ்ச் என்றே கேட்டுக்கொண்டிருந்தாள். இது கடன் கொடுக்கிற பேங்க் இல்லை என்று நான் எவ்வளவு சொல்லியும், பஸ்ஸில் பக்கத்தில் உட்காருகிறவர்களிடம் எல்லாம் நகைக் கடனுக்கு என் பொண்ணைப் பாருங்கள் என்று சொல்லி வைத்தாள். அதில் ஒருத்தர் நிஜமாகவே வளையலை மடியில் கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

உங்கள் வீட்டில் வேறு மாதிரி. உங்கள் நைனாவுக்கு இந்தத் தொழில் சட்டென்று புரிந்துவிட்டது. "தரகுதானே, பெரிய தரகு" என்றார். நாம் பழகுவதற்காக அவர் கடையையே கம்பெனியாக வைத்து, அது என்ன பெறும் என்று மதிப்புப் போட்டோமே. அதைக் கேள்விப்பட்டு அவர் மாடிக்கு ஏறி வந்தார்.

"இன்னாம்மா, என் கடை எவ்ளோ பெறும்?"

நீ லேப்டாப்பை மூடிவிட்டாய். "நீங்க சொல்லுங்க நைனா, நீங்க இன்னா நெனச்சிகினு இருக்கீங்க?"

அவர் சொல்லவில்லை. நீயும் சொல்லவில்லை. உங்கள் கடைக்காரர் குணம் எனக்கு அன்றைக்குத்தான் முழுசாகத் தெரிந்தது. வெளியூர் மொத்த வியாபாரி வந்தால் உங்கள் நைனா புடவையை விரித்துப் போட்டுவிட்டு, டீ சொல்லிவிட்டு, ஜரிகையைத் தடவிக்கொண்டு பேசாமல் இருப்பார். வந்தவர்தான் முதல் விலையைச் சொல்ல வேண்டும். "மொதல்ல வாயத் தொறந்தவன் தோத்தான்" என்பது உங்கள் வீட்டில் தாய்ப்பாலோடு ஊட்டின பாடம். அப்பனும் மகளும் எதிரெதிரே உட்கார்ந்து ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டே இருந்தீர்கள். உங்கள் அம்மா போட்டு வைத்த சோறு கீழே ஆறிப் போனது. கடைசியில் அவர் எழுந்து போனார், விலை தெரியாமலே. அவருக்கு ஒரே பெருமை.

எங்கள் வீட்டில் அதற்கு நேர்மாறான பாடம். அப்பா அரிசி மில்லில் மூட்டை தூக்குகிறவர். கேட்டால்தான் கூலி, கேட்டால்தான் லீவு. "வாயுள்ள புள்ள பொழைக்கும்" என்று அம்மா எதற்கெடுத்தாலும் சொல்வாள். நான் அப்படி வளர்ந்தவள். மனதில் பட்டதை முதலில் சொல்லிவிட்டு அப்புறம் விழிப்பவள்.

சென்னையில் அந்தப் பெரிய இண்டர்வியூவில் இரண்டு பாடமும் பரீட்சைக்கு வந்தது. ஒரு நூல் மில்லை விற்கப் போகிறீர்கள், வாங்குகிறவர் எதிரே இருக்கிறார், என்ன விலையில் தொடங்குவீர்கள் என்று நம் இருவரையும் தனித்தனியாகக் கேட்டார்கள். நான் கணக்குப் போட்டுச் சட்டென்று ஒரு விலை சொன்னேன். உடனே குறித்துக்கொண்டு அனுப்பிவிட்டார்கள். நீ கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருந்தாயாம். கேட்டவரும் சும்மா இருந்தாராம். ஏசி சத்தம் மட்டும். பொறுக்க முடியாமல் அவர் ஒரு விலை சொன்ன பிறகு, "இப்ப பேசலாம் சார்" என்றாயாம். வேலை உனக்கு. திரும்பி வரும் பஸ்ஸில் என் தோளில் தலையை வைத்து, அடுத்தது உனக்குத்தான்டி, ஆனா இந்த வாயை மட்டும் கொஞ்சம் அடக்கு என்று சொன்னாய். எனக்குப் பொறாமை இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் பொறாமையைவிடச் சந்தோஷம் பெரிதாக இருந்தது. படியைப் பிடித்து ஒருத்தி ஏறிவிட்டாள், மற்றவளைக் கை தூக்கிவிடுவாள் என்று நினைத்தேன்.

அந்தப் பஸ்ஸிலேயே நீ வயிற்றைப் பிடித்துக்கொண்டுதான் வந்தாய். கேட்டதற்கு, வாய்வுதான்டி, பேஜாரு புடிச்ச கேஸு என்றாய்.

சேர வேண்டிய நாள் நெருங்க நெருங்க நீ இளைத்தாய். கோட்டு உனக்குத் தொளதொள என்று ஆனது. வேலையில் சேரும் முன் உடம்பைச் சோதித்துச் சான்றிதழ் வாங்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். அதற்காக வேலூருக்குப் போனபோது நானும் கூட வந்தேன். டாக்டர் உன்னிடம், எங்கேயாவது வலி இருக்கிறதா, எத்தனை நாளாக என்று கேட்டார். நீ அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாய். அந்தப் பார்வை எனக்குத் தெரியும். புடவையை விரித்துப் போட்டுவிட்டு உங்கள் நைனா பார்க்கும் பார்வை. அப்புறம், "அப்படி ஒண்ணும் இல்ல டாக்டர்" என்றாய். வெளியே வந்து நான் உன்னைப் பிடித்து உலுக்கினேன். நீ சொன்ன பதிலை நான் செத்தாலும் மறக்க மாட்டேன்.

"அவரு மொதல்ல சொல்லட்டும்னு பாத்தேன்டி."

இரத்தமும் ஸ்கேனும் முதலில் சொல்லிவிட்டன, வயிற்றில் முற்றிப்போன கட்டி என்று. நீ வாயைத் திறந்திருந்தால் முன்னாடியே தெரிந்திருக்கும் என்று அந்தப் பெரிய டாக்டர் உங்கள் நைனாவிடம் சொன்னபோது, அவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் இன்னும் ஆறவில்லை. வலியில் என்னடி பேரம்? யாரிடம் ஜெயிக்கப் பார்த்தாய்? வேலை போய்விடும் என்று பயந்தாயே, இப்போது அந்த நாற்காலியில் யார் யாரோ உட்கார்ந்து எழுந்துவிட்டார்கள்.

அதற்குள் சென்னையில் எனக்குக் கிடைத்திருந்த ஒரு சின்ன வேலையை விட்டுவிட்டு உன்னோடு வேலூரில் இருந்தேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை, அதை நீ தப்பாக நினைக்காதே. நீ போன பிறகுதான் கஷ்டம் தொடங்கியது. எந்த இண்டர்வியூவுக்குப் போனாலும், இந்த இடைவெளி ஏன் என்பதுதான் முதல் கேள்வி. நான் உன் பாடத்தைப் பிடித்துக்கொண்டேன். ஜெயித்தவள் நீதானே. "சொந்தக் காரணம்" என்று மட்டும் சொல்லிவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு, அவர்கள் பேசட்டும் என்று இருப்பேன். அவர்கள் பேசவே இல்லை. நன்றி என்று சொல்லிவிட்டு அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்கள். எல்லா இடத்திலும் இதே கதைதான். விற்கிறவளிடம் சரக்கு இருந்தால்தான் மௌனத்துக்கு விலை. என்னிடம் என்ன இருந்தது?

இன்றைக்கும் அப்படித்தான் உட்கார்ந்தேன். திரையில் ஒரு ஆண், ஒரு பெண். பக்கத்துக் கட்டடத்தில் பவர்லூம் ஓடிக்கொண்டிருந்தது. முகூர்த்த மாதம், நிறுத்தச் சொல்லிக் கேட்கவும் முடியாது. அந்த அம்மா, அது என்ன சத்தம் என்று கேட்டார். தறி, எங்கள் ஊரில் எப்போதும் இருக்கும் என்றேன். அவர் புன்னகைத்துவிட்டு, இந்த இடைவெளி ஏன் என்று கேட்டார்.

கையைக் கட்டப் போனேன். அக்குளில் கோட்டு பிடித்தது. பிடித்ததும் நீ அந்த டாக்டர் முன்னால் உட்கார்ந்திருந்தது கண்ணில் வந்து நின்றுவிட்டது. அதற்கு மேல் என்னால் வாயை மூடிக்கொண்டிருக்க முடியவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன். என் தோழி செத்துப்போனாள், உங்களைப் போன்ற இடத்தில் சேர இருந்தவள், அவளைக் குளிப்பாட்டவும் சோறு ஊட்டவும் நான் கூட இருந்தேன், இந்தக் கோட்டு அவளுடையது என்று. இங்கிலீஷ் தடுமாறியது. மூக்கைச் சிந்தினேன் என்று நினைக்கிறேன். கடைசியில் அந்த ஆள், நீங்கள் ஏதாவது கேட்க வேண்டுமா என்றார். கெட்டிக்காரப் பிள்ளைகள் கம்பெனியைப் பற்றி நல்ல கேள்வியாகக் கேட்பார்கள். நான் கேட்கவில்லை. எனக்கு இந்த வேலை வேண்டும், இதை விட்டால் எனக்கு வேறு இல்லை என்று சொல்லிவிட்டேன். விற்கிறவன் தேவை வாங்குகிறவன் கண்ணில் படக்கூடாது என்பார் உங்கள் நைனா. நான் விரித்தே போட்டுவிட்டேன்.

இரண்டு பேரும் கொஞ்ச நேரம் பேசவில்லை. தறி மட்டும் ஓடியது. அது எந்த வகை மௌனம் என்று உனக்குத் தெரிந்திருக்கும். எனக்குத் தெரியவில்லை. சாயங்காலத்துக்குள் சொல்கிறோம் என்று அந்த அம்மா சொன்னார், படம் போய்விட்டது.

இப்போது பக்கத்துத் தறி நின்றுவிட்டது. ஆடிட்டர் எட்டிப் பார்த்துவிட்டு, வந்துச்சாம்மா என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டினேன். கடைசி பஸ்ஸை விட்டுடாதே என்று சொல்லிவிட்டுச் சாவியை மேசையில் வைத்துவிட்டுப் போகிறார். அப்பா மில்லிலிருந்து வந்து பஸ் ஸ்டாண்டில் எனக்காக நிற்பார். என்ன ஆச்சு என்று கேட்க மாட்டார், என் முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்வார். அந்த முகத்தை எப்படி வைத்துக்கொண்டு போவது என்றுதான் தெரியவில்லை.

வாசலில் வெளிச்சம் குறைந்துவிட்டது. போன் அப்படியே கிடக்கிறது. நீ இங்கே இருந்தால் என்ன சொல்வாய் என்று நன்றாகத் தெரியும். போன் பண்ணாதடி, அவங்களே பண்ணட்டும், நாம பண்ணா நம்ம வெல எறங்கிடும் என்பாய்.

இறங்கினால் இறங்கட்டும். உன் கோட்டை வைத்துக்கொள்கிறேன், அந்த மஞ்சள் பட்டை வைத்துக்கொள்கிறேன், அந்தப் பாடத்தை மட்டும் உன்னிடமே திருப்பிக் கொடுத்துவிடுகிறேன். நீ பேரம் பேசாமல் எங்களிடம் வலிக்கிறது என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இப்போது எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்து என் கையிலிருந்து போனைப் பிடுங்கிக்கொண்டிருப்பாய்.

கோட்டைத் திரும்பப் போட்டுக்கொண்டேன். போனில் பேசுகிறவர்களுக்குக் கோட்டு தெரியாதுதான். இருந்தாலும் போட்டுக்கொண்டேன். இந்த வரியை முடித்ததும் நானே அவர்களைக் கூப்பிடப் போகிறேன், முதலில் நான்தான் பேசப் போகிறேன். அக்குளில் பிடிக்கிறது.