நாலிலிருந்து ஐந்து வரை

12.3.1996, செவ்வாய். மயிலாப்பூர்.

இன்று நான் ஜெயித்துவிட்டேன்.

இந்தக் குடியிருப்பில் போன் இருப்பது எங்கள் வீட்டில் மட்டும்தான். எட்டு வீட்டுக்காரர்களும் எங்கள் நம்பரைத்தான் பி.பி. நம்பர் என்று ஊரெல்லாம் கொடுத்திருக்கிறார்கள். பள்ளிக்கூடம் விட்டு நான் நாலு மணிக்கு வருகிறேன். ஐந்துக்கு டியூஷன் பிள்ளைகள் வந்துவிடுவார்கள். நடுவில் கிடைக்கிற ஒரு மணி நேரமும், "உங்களுக்கு போன்" என்று மாடி ஏறிக் கதவு தட்டியே போய்விடும்.

இன்று வந்ததும் ரிசீவரை எடுத்துத் தலையணைக்கு அடியில் வைத்தேன். அது கொஞ்ச நேரம் முனகிவிட்டு அடங்கியது. நானும் படுத்துவிட்டேன்.

கதவு இடிபடும் சத்தத்தில்தான் விழித்தேன். கிண்டி கம்பெனியிலிருந்து இவர் வியர்க்க விறுவிறுக்க வந்து நிற்கிறார். பின்னால் மாடி வீட்டு சரோஜா.

"எப்பப் போட்டாலும் எங்கேஜ்டு. யாருக்கு என்னாச்சோன்னு ஓடி வர்றேன்!"

"ஒண்ணும் ஆகலைங்க. தூங்கினேன்."

"லைன் ரிப்பேரா டீச்சர்? என் தங்கச்சி பேசறேன்னு சொல்லியிருந்தா" என்றாள் சரோஜா.

"ரிப்பேர் இல்லம்மா, நான்தான் எடுத்து வெச்சேன். இனிமே தினமும் நாலுலேர்ந்து அஞ்சு வரைக்கும் இப்படித்தான். தங்கச்சியை அஞ்சு மணிக்கு மேல பண்ணச் சொல்லு."

அவள் முகம் சுருங்கிப் போனது. அது மட்டும் இன்னும் உறுத்துகிறது. உறுத்தட்டும்.

டியூஷனில் இன்று யாரையும் நான் அதட்டவில்லை. கணக்கைத் தப்பாகப் போட்ட லதா என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுக் கேட்டாள்: "உடம்பு சரியில்லையா டீச்சர்?"

"இன்னிக்குத்தாண்டி சரியா இருக்கு" என்றேன்.