பதினேழாம் புரதமும் என் முதுகுவலியும்

மார்ச் 4

ஆட்டுப்பண்ணைக்குப் போனேன். ஆட்டிலிருந்து மனிதருக்குத் தொற்றும் காய்ச்சலை ரத்தத்தில் சரியாகக் காட்டிக்கொடுக்க, அந்தக் கிருமியின் புரதம் ஒன்று வேண்டும். மூன்று வருடமாகத் தேடல்; இதுவரை பதினாறு புரதம் தோற்றாயிற்று. பண்ணைக்கார அம்மாவுக்கு ஒரு வருடமாகக் காய்ச்சல் வருவதும் போவதுமாக இருக்கிறது. "டெஸ்ட்ல ஒண்ணுமில்லன்னுட்டாங்க சார். வேலைக்குப் பயந்து நடிக்கிறேன்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு." அந்த அம்மாவிடமும் ஒரு குப்பி ரத்தம் வாங்கினேன். அப்போது பார்த்து ஒரு ஆட்டுக்குப் பிரசவம். கையுறை போடச் சொல்லி ஊருக்கெல்லாம் வகுப்பெடுக்கும் நான், வெறுங்கையால் குட்டியைப் பிடித்து இழுத்தேன். பெரிய வீரன்தான்.

ஏப்ரல் 9

பதினேழாம் புரதம் பிரமாதம்! சோதனைத் தட்டில் நோயாளி ரத்தம் விட்ட குழி மஞ்சளாகிறது. நோயில்லாதவர் ரத்தத்துக்கு நிறமே வருவதில்லை. அந்த 'நோயில்லாதவர்' வேறு யார், நான்தான். என் ரத்தம் சுலபமாகக் கிடைக்கும், எதிர்த்துப் பேசாது. பழைய குப்பி அடிமட்டத்துக்கு வந்துவிட்டதால் இன்று புதிதாக எடுத்துக்கொண்டேன்.

மே 2

சாயங்காலமானால் உடம்பு கணகணவென்று இருக்கிறது. முதுகுவலி வேறு. நாற்காலியை மாற்றினேன்.

"டாக்டரைப் போய்ப் பாருங்க" என்றாள் மனைவி.

"நானே டாக்டர்தானே?"

"நீங்க அந்த டாக்டர் இல்ல."

மே 6

குடி முழுகிப் போச்சு. புதுக் குப்பியைத் திறந்தேன், என் ரத்தத்துக்கும் மஞ்சள்! நல்லா இருக்கிறவனையே நோயாளி என்கிற புரதத்தை வைத்து என்ன செய்ய? தட்டை மாற்றினேன், கரைசலை மாற்றினேன், ஆய்வக உதவியாளர் அக்காவிடம் கத்தினேன். மஞ்சள்தான். பண்ணைக்கார அம்மாவுக்கும் மஞ்சள் — பழைய டெஸ்ட் இல்லை என்றதை இது உண்டு என்கிறது. இரண்டையும் 'தப்பு' பக்கத்தில் எழுதினேன். வெள்ளிக்கிழமை பணம் தரும் குழுவுக்கு முன்னால் நிற்க வேண்டும். பதினேழு போனால் திட்டத்துக்கே மூடுவிழா.

மே 7

முதுகு!

மே 8

"சார், கோச்சுக்காதீங்க" என்றார் அக்கா. "உங்க பழைய குப்பியில மிச்சம் இருந்ததைப் போட்டுப் பாத்தேன், மஞ்சள் வரல. என் ரத்தத்துக்கும் வரல. உங்க புது ரத்தத்துக்கு மட்டும்தான் வருது. உங்களுக்குக் காய்ச்சல் எத்தனை நாளா?"

நோயாளிகளிடம் நான் கேட்கும் கேள்வி. "சாயங்காலம் மட்டும்தான்" என்றேன். அவர்கள் எல்லாரும் சொல்லும் பதில்.

குழுக் கூட்டத்தைத் தள்ளிவைக்கச் சொல்லிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனேன். பண்ணைக்கார அம்மாவையும் வரச் சொன்னேன்.

மே 17

பழைய டெஸ்டில் எனக்கும் 'ஒன்றுமில்லை'. ஆனால் ரத்தத்தில் கிருமி வளர்கிறதா என்று ஆஸ்பத்திரியில் வைத்துப் பார்த்ததில் வளர்ந்துவிட்டது. பதினேழு சொன்னதுதான் சரி. ஆறு வாரம் மாத்திரை. மனைவி திட்டவே இல்லை. அதைப் பார்த்த பிறகுதான் எனக்குப் பயம் வந்தது.

மே 24

அந்த அம்மாவின் ரத்தத்திலும் கிருமி. போனில் சொன்னேன்: "மாத்திரை சாப்பிட்டா சரியாயிடும்மா."

"அப்ப நான் நடிக்கலதானே?"

"இல்லம்மா."

"இருங்க, எங்க வீட்டுக்காரர்கிட்ட குடுக்கறேன். இதை அவர்கிட்ட சொல்லுங்க."

சொன்னேன். நானும் அந்த அம்மாவை 'தப்பு' பக்கத்தில் எழுதி வைத்திருந்ததை மட்டும் சொல்லவில்லை.