எண்ணாமல் கழுவிய குடங்கள்

மனு எழுதுபவள்:
கோமதியம்மாள்,
காலஞ்சென்ற அனந்தபத்மநாபன் அவர்களின் மனைவி,
ஸ்ரீவராகம், திருவனந்தபுரம்.

மனு சேர வேண்டிய இடம்:
மகா ராஜ ராஜ ஸ்ரீ பிரின்சிபால் அவர்கள் சமூகம்,
வஞ்சி தொழிற்கல்விசாலை,
திருவனந்தபுரம்.

விஷயம்: பெண்கள் இஞ்சினீயரிங் சங்கத்துக்கு நடந்த தலைவி தேர்தலில் வாக்குகளை எண்ணாமலே கலைத்ததும், பட்டறைச் சாவி பெண்கள் கைக்கு வராமல் போனதும் சம்பந்தமாக.

மதிப்பிற்குரிய ஐயா அவர்களுக்கு,

1. அன்றைக்கு அங்கே யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் எழுதிவிடுகிறேன். அதற்குப் பிறகு இவள் அங்கே இருந்தாளா என்று யாரும் கேட்க இடமிருக்கக் கூடாது. கொல்லம் ஆண்டு 1121 கும்ப மாதம் பதினொன்றாம் தேதி பிற்பகல், தங்கள் கல்விசாலையின் டிராயிங் ஹாலில் இருந்தவர்கள்: தலைவி பதவிக்கு நின்ற இரண்டு பெண்கள், அதாவது என் பேத்தி பாகீரதியும், சாலைக் கடைத்தெருவில் பலசரக்கு மண்டி வைத்திருக்கும் அழகியநம்பிப் பிள்ளையின் மகள் சரோஜமும், வாக்குக் குடங்களுக்குக் காவல் நின்ற ரத்னாபாய், வாக்குப் போட வந்த மற்றப் பெண்கள், சங்கத்தை மேற்பார்க்கும் வாத்தியார் நாகேஸ்வரன், பட்டறை மேஸ்திரி தங்கையன், எண்ணும்போது சாட்சியாக இருக்க அழைக்கப்பட்ட என் மகனும் பாகீரதியின் தகப்பனுமான வக்கீல் கல்யாணராமன், எங்கள் வீட்டுச் சமையலுக்கு ஒத்தாசையாக இருக்கும் பிச்சம்மாள், நான். வாக்குப் போட்ட பெண்கள் ஒவ்வொருத்தியும் எந்த பெஞ்சில் யாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள் என்பதும் எனக்குத் தெரியும். தாங்கள் விசாரித்தால் சொல்கிறேன்.

2. நான் மூன்றாம் கிளாஸோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். விஷயத்தில் பிழை இராது.

3. போன விஜயதசமியன்று பட்டறையில் பூஜை முடிந்ததும், பெண்கள் தாங்களே சங்கத்துக்கு ஒரு தலைவியைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளட்டும் என்றும், தேர்ந்தெடுக்கப்படுகிறவளிடம் பட்டறைச் சாவி ஒன்று இருக்கும் என்றும் தாங்களே சொன்னீர்கள். அதுவரைக்கும் இந்தப் பெண்கள் பட்டறைக்குள் கால் வைக்க வேண்டுமென்றால் ஒரு வாத்தியார் மனசு வைத்துக் கதவைத் திறக்க வேண்டும். அவர் லீவு என்றாலும், காப்பி குடிக்கப் போய்விட்டாலும், பெண்கள் வேப்பமரத்தடியில் புஸ்தகத்தை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். உள்ளே ஆண்பிள்ளைகள் இரும்பு அராவுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருக்கும். பாகீரதியை அழைத்துப்போக வரும்போதெல்லாம் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். ஆகையால் இந்தத் தேர்தல் ஒரு பட்டத்துக்காக நடந்ததல்ல, சாவிக்காக நடந்தது என்பதைத் தாங்கள் மனதில் கொள்ள வேண்டும்.

4. அவர்கள் தேர்தல் நடத்திய விதத்தைத் தங்களுக்கு யாரும் சரியாகச் சொல்லியிருக்க மாட்டார்கள் என்பதால் விவரமாகவே எழுதுகிறேன். இந்த ஊரில் நான் பார்த்த ஆண்பிள்ளைத் தேர்தல்கள் அநேகம். 1108-ல் நகரசபைக்கு நின்ற ஒருவர் எங்கள் தெருவுக்கு வந்து, வீட்டுக்கு வீடு வடை கொடுத்து, என் கணவரைத் தோளில் கை போட்டு அண்ணா என்று கூப்பிட்டார். ஜெயித்த பிறகு ஓடைத் தண்ணீர் எங்கள் வாசலில் தேங்குகிறது என்று சொல்லப் போனால், தாங்கள் யார் என்று கேட்டார். அவர் பேரை இங்கே எழுதவில்லை. அந்த ஓடை இன்னும் தேங்குகிறது. இந்தப் பெண்கள் அப்படிச் செய்யவில்லை. வாயால் வாக்குக் கேட்கக் கூடாது, நிற்கிறவள் கல்விசாலையில் பழுதாய்க் கிடக்கும் ஏதாவது ஒன்றைச் சரி செய்ய வேண்டும், எப்படிச் செய்தாள் என்பதை மற்றவர்களும் செய்யும்படி விளக்கிச் சொல்ல வேண்டும் என்று தங்களுக்குத் தாங்களே ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். இப்படி ஒரு விதியை நகரசபைக்கு வைத்தால் எத்தனை பேர் நிற்பார்கள் என்று தாங்களே யோசித்துப் பாருங்கள்.

5. சரோஜம் பின்கட்டில் துருப்பிடித்துக் கிடந்த அடிபம்பை எடுத்துக்கொண்டாள். பாகீரதி வகுப்பு மாறும்போது அடிக்காமல் ஊமையாகிப்போன மின்சார மணியை எடுத்துக்கொண்டாள். சரோஜத்தின் குரல் சாலைக் கடைத்தெருவில் மூட்டை இறக்கச் சொல்லும் குரல். ஹால் முழுக்கக் கேட்கும்படி, "ஏட்டி பாகீரதி, மணி அடிச்சா ஓட்டு ஒனக்கு, தண்ணி வந்தா எனக்கு, ரெண்டும் வரல்லேன்னா நாகேஸ்வரன் சாருக்கு, கேட்டியா" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். வாத்தியார் மட்டும் சிரிக்கவில்லை. அவர் சிரிக்காததில் எனக்கு ஆச்சரியமில்லை. 1117-ல் எங்கள் வீட்டுக் கல்யாணத்தில் இரண்டாம் பந்தியில் உட்கார வைத்துவிட்டோம் என்று பாயசத்தைத் தொடாமல் எழுந்து போனவர் அவர். இது மனுவுக்குச் சம்பந்தமில்லாத விஷயம்.

6. பம்பில் தோல் வாஷர் தேய்ந்து போயிருந்தது. புதிதாக ஒன்று வட்டமாக வெட்ட வேண்டும். சரோஜம் இரண்டு தடவை வெட்டி, இரண்டும் கோணலாகப் போயிற்று. காம்பஸ் வைத்து வட்டம் போடுவதில் கெட்டிக்காரியான பாகீரதி, எதிரியாக நிற்கிறோம் என்று பாராமல், அந்தத் தோலைக் கையில் வாங்கி அவளே வெட்டிக் கொடுத்தாள். ஸ்ரீவராகத்து அக்ரஹாரத்தில் பிறந்து, தோலைத் தொட்டால் குளித்துவிட்டுத்தான் உள்ளே வர வேண்டும் என்று கேட்டு வளர்ந்த பெண் அது. எனக்கு ஒரு நிமிஷம் திக்கென்றது. அடுத்த நிமிஷம் பம்பிலிருந்து தண்ணீர் வந்தது. முதலில் செம்மண் கலங்கலாகவும், பிறகு நிறம் தெளிந்தும் வந்தது. தங்கையன் மேஸ்திரி கையைக் கூப்பினார். நானும் கூப்பினேன்.

அதே மாதிரி மணியில் எந்த இடத்தில் தொடர்பு அறுந்திருக்கிறது என்று பாகீரதி தேடித் தவித்தபோது, ஏணியைப் பிடித்துக்கொண்டு கீழே நின்று, ஒவ்வொரு கம்பியாகத் தொட்டுப் பார்க்கச் சொன்னவள் சரோஜம். மணி அடித்தபோது இரண்டு பேரும் ஒரே சமயத்தில் காதைப் பொத்திக்கொண்டார்கள். ஐயா, எனக்கு இத்தனை வயசில் இரண்டு பேர் ஒரே பதவிக்கு ஆசைப்பட்டு, ஒருத்திக்கு ஒருத்தி ஏணி பிடித்து நான் பார்த்தது அன்றுதான்.

7. வாக்குப் போடுவதற்கு எங்கள் வீட்டிலிருந்து இரண்டு பித்தளைக் குடங்களை நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். சரோஜத்தின் குடத்தின் கழுத்தில் சிவப்பு நூல், பாகீரதியின் குடத்தில் வெள்ளை நூல். திரைக்குப் பின்னால் வைத்து, ஆளுக்கு ஒரு இரும்பு நட்டு கொடுத்து, பிடித்தவள் குடத்தில் போட்டுவிட்டு வரச் சொன்னார்கள். பித்தளையில் இரும்பு விழுந்தால் ணங்கென்று சத்தம் கேட்குமே, இடது பக்கமா வலது பக்கமா என்று வெளியே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடுமே என்று நான் கவலைப்பட்டேன். ரத்னாபாய் அதை முன்பே யோசித்து இரண்டு குடத்தின் அடியிலும் ஈரத்துணியைச் சுருட்டிப் போட்டிருந்தாள். ஒரு சத்தமும் வரவில்லை. பதினாறு வயசுப் பெண்ணுக்கு இந்த யோசனை வந்ததை எண்ணி நான் அவள் தலையில் கை வைத்து ஆசீர்வாதம் பண்ணினேன். அந்தப் பெண்ணைத்தான் இப்போது கவனக்குறைவானவள் என்று நோட்டீஸ் போர்டில் ஒட்டியிருக்கிறார்கள்.

8. நடந்தது இதுதான். எல்லோரும் வாக்குப் போட்டு முடித்ததும், எண்ணுவதற்கு முன்னால் எலுமிச்சை பானகம் குடித்துவிட்டு வரலாம் என்று நாகேஸ்வரன் வாத்தியார் எல்லோரையும் வராந்தாவுக்கு அழைத்துப்போனார். ரத்னாபாய் மட்டும் திரைக்கு இந்தப் பக்கம் காவலுக்கு நின்றாள். எனக்கு முழங்கால் வலி, ஹால் வாசலிலேயே உட்கார்ந்துவிட்டேன். அப்போது என் மகன் கல்யாணராமன் வராந்தாவிலிருந்து திரும்பி வந்து, சாட்சி என்று சொல்லித் திரைக்குப் பின்னால் போய்ச் சற்று நேரம் இருந்துவிட்டு, வெளியே காத்திருந்த பிச்சம்மாளை உள்ளே அழைத்து, நாளைக்கு அப்பாவுக்குத் திவசம், எல்லா ஜாதியும் தொட்ட குடம், புளி போட்டுத் தேய்த்து வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போ என்று சொன்னான். ரத்னாபாய் தரமாட்டேன் என்று குடத்தின் கழுத்தைப் பிடித்துக்கொண்டாள். அவன் அவளிடம், "எண்ணியாச்சு, கொழந்தே. விடு" என்றான். இதை என் இரண்டு காதாலும் கேட்டேன். சாட்சியாக வந்த வக்கீல் எண்ணியாயிற்று என்று சொன்னால் ஒரு சின்னப் பெண் எப்படி நம்பாமல் இருப்பாள்? விட்டுவிட்டாள்.

9. நான் எழுந்து, சுவரைப் பிடித்துக்கொண்டு கிணற்றடிக்குப் போய்ச் சேர்வதற்குள், பிச்சம்மாள் இரண்டு குடத்தையும் ஒரே வாளியில் கவிழ்த்து, நூலையும் அறுத்துப் போட்டுவிட்டு, கையில் புளியோடு உட்கார்ந்திருந்தாள். எது யாருக்கு விழுந்த வாக்கு என்று இனி பிரம்மாவே வந்தாலும் சொல்ல முடியாது. பிச்சம்மாளை நான் குற்றம் சொல்லவில்லை. பத்துப் பேர் தொட்ட பாத்திரம் என்று காதில் விழுந்தால் அவள் கை தானாகப் புளியைத் தேடும். அவளை அப்படித்தான் வளர்த்திருக்கிறார்கள். நட்டு நட்டாக விழுந்தபோதே அவளுக்கும் ஏதோ தப்பு நடந்துவிட்டது என்று தெரிந்து, புளியைக் கீழே போட்டுவிட்டு அழுதாள்.

10. பெண்கள் திரும்பி வந்து, திரைக்குப் பின்னால் குடங்கள் இல்லாததைப் பார்த்தார்கள். அழுகையோ கூச்சலோ இல்லை. நாகேஸ்வரன் வாத்தியார் சீட்டுக் குலுக்கிப் போடலாம் என்றார். என் பேத்தியும் சரோஜமும் ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்த்துக்கொண்டார்கள். சரோஜம்தான் பேசினாள். "எண்ணாத ஓட்டுக்குத் தலைவி எதுக்கு சார்? நட்டு இருக்கு, நாங்களும் இருக்கோம். இன்னொருக்கப் போட்டிருவோம்" என்றாள். அரை மணி நேரத்தில் முடிந்திருக்கும் காரியம். அதற்கு அவர், பெண்களுக்குத் தேர்தல் நடத்தத் தெரியாது என்பதற்கு இதுவே அத்தாட்சி என்று சொல்லி, ரத்னாபாய் முதலான பெண்களின் கவனக்குறைவால் வாக்குகள் கலந்துவிட்டன என்று நோட்டீஸ் எழுதி, வருகிற மீன மாதம் ஒன்றாம் தேதி முதல் தாமே சங்கத்துக்குத் தலைவராக இருப்பதாகவும், சாவி தம்மிடமே இருக்கும் என்றும் சேர்த்துக்கொண்டார். தங்கையன் மேஸ்திரி அதில் கையெழுத்துப் போட மாட்டேன் என்று சொல்லிவிட்டார். அதனால் அவருக்கு ஏதும் தொந்தரவு வராமல் தாங்கள் பார்த்துக்கொள்ள வேண்டும். என் மகன் கையெழுத்துப் போட்டான்.

11. திவசத்துக்கு அந்தக் குடங்கள் வேண்டும் என்று அவன் சொன்னது பொய். எங்கள் வீட்டில் திவசத்துக்கு எந்தப் பாத்திரம், எங்கே கவிழ்த்து வைத்திருக்கிறது என்று என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. அந்த இரண்டு குடங்களும் அதில் சேர்ந்தவையே அல்ல. உண்மைக் காரணத்தை வீட்டுக்கு வந்ததும் அவனே சொன்னான். தஞ்சாவூரிலிருந்து பாகீரதிக்கு ஒரு ஜாதகம் வந்திருக்கிறது. "பட்டறைச் சாவியை இடுப்புல சொருகிண்டு இரும்படிக்கிறான்னு சம்பந்தம் பேச வரவா காதுல விழுந்தா நன்னாயிருக்குமாம்மா?" என்று என்னைக் கேட்டான். சாவி இடுப்பில் இல்லாத பெண் எந்த வீட்டில் சௌக்கியமாக இருந்தாள் என்று நான் திருப்பிக் கேட்டேன்.

12. இந்த மனுவைப் பேத்திக்காகப் பரிந்து எழுதியதாகத் தாங்கள் நினைக்கக் கூடாது. ஹாலில் இருந்த முகங்களைப் பார்த்த வரையில், சரோஜம் ஜெயித்திருப்பாள் என்றே எனக்குப் படுகிறது. பாகீரதியும் அப்படித்தான் சொல்கிறாள். மணி அடித்தால் காதுக்குத்தான் தெரியும், தண்ணீர் வந்தால் எல்லோரும் குடிக்கலாமே என்கிறாள். ஆனால் தோற்றேன் என்று தெரிந்து தோற்க அவளுக்கு உரிமை உண்டு. ஜெயித்தேன் என்று தெரிந்து ஜெயிக்க மற்றவளுக்கு உரிமை உண்டு. அதை இரண்டு பேருக்கும் இல்லாமல் ஆக்கிவிட்டார்கள். ரத்னாபாய் கல்விசாலைக்கு வருவதையே நிறுத்திவிட்டாள். அவள் வீட்டுக்கு நான் போய் வந்தேன்; மகளைச் சமாதானப்படுத்த முடியாமல் அவள் தாயார் திண்டாடிக் கொண்டிருக்கிறாள். பம்பில் மட்டும் இப்போதும் எல்லோரும், வாத்தியார் உட்பட, தண்ணீர் அடித்துக் குடிக்கிறார்கள்.

13. ஆகையால் ஐயா அவர்கள், மீனம் ஒன்று பிறப்பதற்குள், நாகேஸ்வரன் வாத்தியார் தமக்குத் தாமே கொடுத்துக்கொண்ட பதவியை ரத்து செய்து, அதே பெண்கள் அதே விதிப்படி மறுபடியும் வாக்குப் போட உத்தரவிட வேண்டும். ரத்னாபாயைக் குற்றம் சொல்லும் நோட்டீஸைக் கிழிக்கச் சொல்லி, அவளையே மறுபடி காவலுக்கு நிறுத்த வேண்டும். யார் ஜெயித்தாலும், விஜயதசமியன்று தாங்கள் எல்லோர் முன்னாலும் சொன்ன சொல்லின்படி சாவியை அவள் கையில் தாங்களே கொடுக்க வேண்டும். எப்போது கூப்பிட்டாலும் நேரில் வந்து, இதில் எழுதியிருப்பதை யார் முகத்துக்கு முன்னாலும் சொல்ல நான் தயார். தங்கள் பதிலை என் பேருக்கே அனுப்ப வேண்டுகிறேன். வீட்டு ஆண்பிள்ளை பேருக்கு அனுப்ப வேண்டாம்.

14. கடைசியாக ஒன்று. பிச்சம்மாளை அன்றைக்கே மன்னித்துவிட்டேன். நாகேஸ்வரன் வாத்தியார் பதவிக்கு ஆசைப்பட்டார். ஆசைப்படுகிற மனுஷனைத் தண்டிப்பதோ மன்னிப்பதோ தங்கள் பொறுப்பு. தஞ்சாவூர்க்காரர்கள் எனக்கு ஒன்றும் செய்யவில்லை. ஆனால் தன் மகள் அந்த மின்சார மணியை அடிக்கச் செய்ததைக் கண்ணால் பார்த்து, கூட்டத்தோடு கூட்டமாகக் கை தட்டிவிட்டு, அதே கையால் அவளுக்குக் கவனமில்லை என்று கையெழுத்துப் போட்டவனை, நான் பெற்றவனாக இருந்தாலும், எத்தனை திவசம் முறையாகச் செய்தாலும், நாளைக்கு எனக்கே கொள்ளி வைக்கப் போகிறவன் என்றாலும், நான் மன்னிப்பதாக இல்லை. விசாரணையில் அவன் பேரைத் தாங்கள் விட்டுவிடக் கூடாது என்பதற்காக இன்னொரு தடவை எழுதுகிறேன்: கல்யாணராமன்.

இடம்: திருவனந்தபுரம்
தேதி: கொல்லம் 1121, கும்பம் 18

இப்படிக்கு, கண்டதையும் கேட்டதையும் மட்டுமே எழுதியிருக்கும்,
கோமதியம்மாள்
(சொந்தக் கையெழுத்து)