மருவென்று நினைத்த சதை

அன்பு மகள் ஜினிக்கு,

அம்மா சொல்லச் சொல்ல உன் தங்கை ஜெப்சி எழுதும் கடிதம். இங்கே மாதா புண்ணியத்தில் எல்லோரும் எழுந்து நடமாடுகிறோம், நீயும் மருமகன் ஜாஸ்பரும் அந்த வளைகுடா வெயிலில் சுகமாக இருக்க வேண்டும். போனில் முகம் பார்த்துப் பேசினால் உன் மகன் ஜெனின் என் மடியில் வந்து உட்கார்ந்துகொள்கிறான், அவன் முன்னால் சொல்ல முடியாததால் லீவு முடிந்து அங்கே திரும்பும் பக்கத்து வீட்டுப் பிரதீஷிடம் இதைக் கொடுத்தனுப்புகிறேன்.

ஜெனினின் தலையணை உறையில் ஒரு நாற்றம் வருவதை ஜெப்சிதான் முதலில் கண்டாள். துவைத்துப் போட்டாலும் மறுநாள் அதே நாற்றம், காது படும் இடத்தில் மஞ்சள் கறை. நான் சளி என்றேன், பூண்டு காய்ச்சிய தேங்காயெண்ணெயைக் காதில் விட்டேன், உங்கள் இருவருக்கும் அப்படித்தானே விட்டு வளர்த்தேன். பிறகு காதுக்குள் தெச்சிப்பழம் போலச் சிவப்பாக ஒரு சதை எட்டிப் பார்த்தது. மரு என்று நினைத்துவிட்டேன். குருசடிச் சிலுவைக்கு முன்னால் உப்பும் மிளகும் போட்டால் மரு உதிரும் என்று நேர்ந்துகொண்டு, திருவிழா வரட்டும் என்று இருந்துவிட்டேன். ஜெப்சி கதவோரம் நின்று, "மருவுக்கு நாத்தம் வராதும்மா" என்றாள். "ஏட்டி, ஒம்பதாங் கிளாசோட நின்னவ, நீ எப்ப டாக்டரு ஆன?" என்று கேட்டேன். இதை எழுதமாட்டேன் என்கிறாள், எழுது என்கிறேன்.

திருவிழாவில் உப்பும் மிளகும் போட்டும் உதிரவில்லை. ஒருநாள் காதிலிருந்து இரத்தம் வந்த பிறகுதான் நாகர்கோவிலுக்குக் கொண்டு ஓடினோம். காது டாக்டரம்மா சிறு குழாய் வைத்துச் சீழை உறிஞ்சி எடுத்துவிட்டுப் பார்த்தார். நடுக்காதில் வெகுநாளாகச் சீழ் இருந்து, அந்தப் புண்ணில் வளர்ந்த சதையாம். பிடித்து இழுத்திருந்தால் உள்ளிருக்கும் சிறு எலும்போ முக நரம்போ சேர்ந்து போயிருக்குமாம். பிறகு வாயைக் கையால் மறைத்துக்கொண்டு அவனிடம் மெல்ல ஏதோ கேட்டார். உன் மகன், "வாயக் காட்டிச் சொல்லுங்க டாக்டர், அப்பத்தான் கேக்கும்" என்றான். மற்றக் காதும் உள்ளே நீர் கட்டி மந்தமாகிவிட்டதாம். போனிலும் உன் வாயைப் பார்த்துத்தான் பதில் சொல்லியிருக்கிறான். கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று நான் அவனை அடித்திருக்கிறேன் மக்கா.

ஸ்கேனில், சதைக்குப் பின்னால் தோல் பை போல ஒன்று எலும்பை அரிப்பது தெரிகிறதாம். ஆபரேஷன் செய்தே ஆக வேண்டும், எடுக்கும் சதையைப் பரிசோதனைக்கும் அனுப்புவார்களாம். பிறகு காது எவ்வளவு கேட்கும் என்று இப்போது சொல்ல முடியாது, முதலில் சீழ் நிற்கட்டும் என்கிறார். அதுவரை சொட்டு மருந்து, எண்ணெய் கூடாது, குளத்தில் இறங்கக் கூடாது. மருந்து விடுவதெல்லாம் ஜெப்சிதான், என் கை காதருகே வர அவன் விடுவதில்லை.

நீ வந்துவிட்டுப் போ மக்கா. லீவு கிடைப்பது கஷ்டம் என்று தெரியும். ஆனாலும் மயக்க மருந்து கொடுக்க உள்ளே கொண்டுபோகும்போது அவன் பார்க்கிற முகம் உன்னுடையதாக இருக்கட்டும்.

போனில் அவன் முன்னால் அழுதுவிடாதே. பேசும்போது முகத்தை வெளிச்சத்தில் வைத்துக்கொள். மாதா உங்கள் இருவர் தலையிலும் கை வைத்துக் காக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அம்மா தேவகனி

அக்கா, கையெழுத்துப் போட்டபிறகு அம்மாவுக்கு மனம் மாறிவிட்டது. பிள்ளை அங்கே வேலையை விட்டுவிட்டு அலைய வேண்டாம், வரச்சொன்ன வரிகளை வெட்டிவிடு என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். நான் வெட்டவில்லை.